தட்டணு குறையவில்லை, பிறகு ஏன் ரத்தம் சட்டென்று நிற்பதில்லை?

"மகனுக்கு ஆறு வயது. வால்ப்ரோயேட் சிரப் ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லை. ஆனால் லேசாக இடித்துக்கொண்டாலே கால் கன்றிப்போகிறது. மூக்கில் ரத்தம் வந்தால் நிற்க நேரமாகிறது. தட்டணு எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷன். பயப்பட வேண்டுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ரத்தம் உறைவது பள்ளியில் படித்ததுதான். தட்டணுக்கள் ஓட்டையை அடைக்கும், அதன்மேல் ஃபைப்ரின் வலை பின்னும். வால்ப்ரோயேட் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கைவைக்கக்கூடியது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏற ஏற, தட்டணுக்கள் குறையும் வாய்ப்பும் ஏறும். சிலருக்கு ஃபைப்ரின் வலைக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் குறையும். எண்ணிக்கை குறைந்தால் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் கசிந்தால்?

இதே புதிர் எரிக் வான் வில்பிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவருக்கும் வந்தது. ஓலாந்து தீவுகளில் ஒரே குடும்பத்தில் பலருக்கு ரத்தப்போக்கு. தட்டணு எண்ணிக்கையோ இயல்பு. 1926இல் அதைப் பற்றி எழுதினார். அங்கே குறைந்திருந்த புரதத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த புரதம் இது. ஒரே மாதிரித் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்த நீளமான சங்கிலி. சாதாரணமாக நூல்கண்டு போலச் சுருண்டு ரத்தத்தில் மிதக்கும். தட்டணு பக்கத்தில் வந்தாலும் கண்டுகொள்ளாது. ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்தால், உள்ளே மறைந்திருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரியும். கண்டின் ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொள்ள, மீதியை ரத்த ஓட்டம் பிடித்து இழுக்கும். கண்டு பிரிந்து நூலாக நீளும். அதுவரை உள்ளே மடங்கியிருந்த கொக்கிகள் அப்போதுதான் வெளிப்படும். பாய்ந்து போகும் தட்டணுக்கள் அவற்றில் மாட்டி, உருண்டு, நிற்கும். ஓட்டம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு நன்றாக விரியும்! அடித்துக்கொண்டு போக வேண்டிய வெள்ளமே அணை கட்டுகிறது. சங்கிலி நீளமாக இருந்தால் பிடியும் பலமாக இருக்கும்.

வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைகளில் சிலருக்கு இந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. பிறவியிலேயே வரும் நோய் அல்ல இது. மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டணுவை எண்ணும் இயந்திரம் தலைகளைத்தான் எண்ணும், பிடிமானத்தை அளக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும். 1960களிலேயே வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய மலிவான மருந்து இது. இத்தனை பழைய மருந்தின் பக்கவிளைவை ஆராயப் பணம் போட யாருக்கு ஆசை வரும்? புது மாத்திரைக்கு வரும் நிதியில் ஒரு துளியாவது இதற்கும் வர வேண்டும் என்பது என் கட்சி.

அந்த அம்மாவுக்கு: பயந்துபோய் சிரப்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. கன்றிப்போவதையும் மூக்கு ரத்தத்தையும் வலிப்பு மருத்துவர், அறுவை மருத்துவர் இருவரிடமும் இப்போதே சொல்லுங்கள். கேட்காமல் ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுக்காதீர்கள். புரதம் குறைவென்று தெரிந்தால், டெஸ்மோபிரசின் என்ற மருந்து குழாய்ச் சுவரில் சேமித்திருக்கும் சங்கிலிகளை வெளியே விடச் செய்யும். ஆனால் அது உடலில் தண்ணீரைத் தேக்கி, ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். சோடியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கிளப்பும். அதனால் அதைக் கொடுக்கும்போது குழந்தை எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூட மருத்துவர்கள் அளந்து சொல்வார்கள்.