ரோயிங் மெஷின்ல உக்கார்றவங்களுக்கு: முதல்ல கால், அப்புறம்தான் முதுகு

நான் பிசியோதெரபிஸ்ட். கொஞ்ச நாளா கிளினிக்ல ஒரு புது வகை ஆளுங்க வர்றாங்க, கீழ விழல, வெயிட் எதுவும் தூக்கல, ஆனா காலைல வாஷ்பேசின்ல குனிஞ்சு மூஞ்சி கழுவ முடியல, சாக்ஸ் மாட்ட முடியலன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க, ஜிம்ல என்ன பண்றீங்கன்னு கேட்டா "ரோயிங் மட்டும்தான் சார், முட்டிக்கு நல்லதுன்னு சொன்னாங்க"ம்பாங்க. ரோயிங் மெஷின்னா நகர்ற சீட்ல உக்காந்து, காலால உதைச்சு, படகுல துடுப்பு போடுற மாதிரி ஹேண்டிலை இழுக்கிற மெஷின். முட்டிக்கு நல்லதுதான். தப்பா இழுத்தா முதுகு போயிடும்.

அப்படி வந்தவர்ல ஒருத்தர் ஐடி கம்பெனிக்காரர், முப்பது சொச்சம் வயசு. ஸ்கேன் எடுக்கணுமா சார்னு கேட்டார், காலுக்கெல்லாம் வலி இறங்கல, ஸ்கேன் இப்ப வேணாம், நீங்க இழுக்கிறதை பக்கவாட்டுல இருந்து யாரையாவது போன்ல ஒரு நிமிஷம் எடுக்கச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டேன். ஸ்லோ மோஷன்ல ஓடவிட்டதும் புரிஞ்சுடுச்சு. சீட் சர்ருனு பின்னாடி போயிடுது, கால் ரெண்டும் நீண்டாச்சு, ஹேண்டில் மட்டும் கிட்டத்தட்ட கிளம்பின இடத்துலயே நிக்குது! கால்ல இருந்த பலமெல்லாம் சீட்டைத் தள்ளுறதுலயே தீந்துபோச்சு, அதுக்கப்புறம் வளைஞ்சு கிடக்கிற முதுகை நிமித்தி மொத்த பாரத்தையும் அவர் இழுக்கறார். நிமிஷத்துக்கு 28 தடவை, 20 நிமிஷம், அதாவது 560 தடவை. இடுப்பு டிஸ்க் எத்தனைதான் தாங்கும்?

ரோயிங்னா கையால இழுக்கிறதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1867-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் போட் கிளப் அடையாறு ஆத்துல இருக்கு, அங்க படகு விடுறவங்களை கவனிச்சுப் பாத்தீங்கன்னா காலால உதைச்சுத் தள்ளுறதுலதான் பெரிய பங்கு வேலைன்னு தெரியும், படகுலயும் சீட் நகர்றது அதுக்குத்தான்.

ஒரு தடவை இழுத்துத் திரும்பி வர்றது ஒரு ஸ்ட்ரோக், அது தொடங்குற இடத்துக்கு கேட்ச்னு பேரு. முட்டி மடிஞ்சு கெண்டைக்கால் எலும்பு கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கணும், கை நீட்டமா, தோள் லூசா. இங்க முதுகை வளைச்சு எட்டிப் பிடிக்கக் கூடாது, இடுப்பு மூட்டுல இருந்து மடிஞ்சு முன்னாடி சாயணும், கடிகாரத்துல 11 மணி முள் மாதிரி லேசா. கணுக்கால் இறுகிப் போனவங்களுக்கு இது வராது, சப்பணம் போட்டு உக்காராம, வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் பழகிட்டோமே, குத்த வெச்சு உக்காரவே முடியாதவங்க நிறைய பேர். அவங்க முதுகை வளைச்சுத்தான் மிச்ச தூரத்தை எட்டுவாங்க. எட்டாதீங்க, எவ்வளவு வருதோ அங்கயே நின்னுக்கோங்க, குதிகால் கொஞ்சம் தூக்கினாலும் பரவால்ல. ஸ்ட்ராப் ஷூவோட அகலமான இடத்துல வரணும், கணுக்கால் பக்கம் கட்டாதீங்க.

அடுத்தது டிரைவ், அதாவது இழுக்கிற பகுதி. கால் உதைக்கும்போது ஹேண்டிலும் சீட்டும் சேந்து கிளம்பணும், உடம்பு அதே 11 மணியிலயே நிக்கணும், வயிறு டைட்டா. கால் முக்கால்வாசி நீண்ட பிறகு இடுப்புல இருந்து 1 மணி முள் மாதிரி லேசா பின்னாடி சாயணும், கை கடைசி. விரலைக் கொக்கி மாதிரி மாட்டினா போதும், இறுக்கிப் பிடிச்சா முன்னங்கைதான் வலிக்கும். ஃபினிஷ்ல, அதாவது இழுத்து முடிக்கிற இடத்துல, ஹேண்டில் விலா எலும்புக்குக் கீழ வந்து தொடணும். சிலர் மோவாய்க்கிட்ட கொண்டு போறாங்க, சிலர் ஈஸிசேர்ல சாயுற மாதிரி பின்னாடி படுத்துடறாங்க, ரெண்டும் வேணாம்.

திரும்பி வர்றது ரெகவரி. அப்படியே தலைகீழ்: கை, உடம்பு, கால். நம்மாளு வீடியோல முட்டி முதல்ல மடிஞ்சுடுது, ஹேண்டில் வழியில்லாம முட்டிக்கு மேல ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குது. கை முட்டியைத் தாண்டின பிறகுதான் முட்டி மடியணும். இழுக்க ஒரு பங்கு நேரம்னா திரும்ப ரெண்டு பங்கு எடுத்துக்கோங்க, படகுல அவசரமா முன்னாடி பாஞ்சா ஓடிட்டிருக்கிற படகே பிரேக் போட்ட மாதிரி தடுமாறும், மெஷின்ல அது தெரியாததாலதான் இந்தக் கெட்ட பழக்கம் ஒட்டிக்குது.

இன்னொரு தொல்லை, மெஷின்ல இழுக்கும்போது சுத்துற ஃபேன் பக்கத்துல 1-ல இருந்து 10 வரை நம்பர் போட்ட லிவர். டேம்பர்னு பேரு. 10-ல வெச்சாத்தான் ஒர்க்கவுட்டுன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. அது எவ்வளவு காத்து உள்ள போகுதுங்கிறதை மாத்துது, அவ்வளவுதான், 10-ல வெச்சா கனமான படகை இழுக்கிற மாதிரி இருக்கும். ஃபேன் மெஷின்ல எவ்வளவு வேகமா உதைக்கறீங்களோ அவ்வளவு எதிர்ப்பு தானா வரும். புதுசா கத்துக்கறவங்களுக்கு 3-ல இருந்து 5 வரை போதும்.

அவருக்கு வலி குறைஞ்சதும் நான் கொடுத்தது ரொம்ப போரான வேலை. டேம்பர் 4, நிமிஷத்துக்கு 18 ஸ்ட்ரோக். முதல்ல கால் மட்டும், உடம்பும் கையும் அசையக் கூடாது. அப்புறம் கால், உடம்பு. அப்புறம்தான் முழுசு. ரெண்டாவது வீடியோல ஹேண்டில் நேர்கோட்டுல போய் வந்துச்சு.

வலி முட்டிக்குக் கீழ இறங்குனாலோ, கால் மரத்துப் போனாலோ மெஷின் பக்கமே போகாம வந்து காட்டுங்க. யூரின், மோஷன் கட்டுப்பாடு போச்சுன்னா என்கிட்ட இல்ல, நேரா எமர்ஜென்சிக்கு. நிறைய தூரம் இழுக்கிறவங்க, மூச்சை இழுத்தா, இருமினா, படுக்கையில புரண்டா விலாவுல ஒரே இடத்துல குத்துதுன்னா நிறுத்திடுங்க, ரோயர்களுக்கு விலா எலும்புல மெல்லிசா விரிசல் விழறது உண்டு.

அப்புறம் தூங்கி எழுந்த கையோட மெஷின்ல உக்காராதீங்க. ராத்திரி பூரா படுத்ததுல டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், அந்த நேரத்துல குனிஞ்சா அழுத்தம் ஜாஸ்தி. நம்ம ஐடிக்காரர் அஞ்சரைக்கு எழுந்து அஞ்சே முக்காலுக்கு இழுத்துட்டிருந்தார், இப்ப சாயங்காலத்துக்கு மாத்திட்டார்.