காமன் பூலில் தங்கிவிடும் பிள்ளைகள்

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் ஏதாவது ஓர் ஒன்றியத்தின் இடைநிற்றல் பூஜ்யம் என்று திரையில் வந்தால் கைதட்டுவார்கள். எனக்கோ உடனே காமன் பூலைத் திறந்து பார்க்கத் தோன்றும். டெல்டா மாவட்டம் ஒன்றில் எமிஸ் தரவுகளை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவுகளை, சரிபார்ப்பது என் வேலை. பூஜ்யம் உண்மையாகவே வருவதும் உண்டு. ஆனால் வராத பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் அதே பூஜ்யம்தான் வரும். அறிக்கையைப் படிப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்து டி.சி. வாங்கியதும், பழைய பள்ளியின் எமிஸ் பட்டியலிலிருந்து பெயர் பொதுத்தொகுப்புக்குப் போகும். பள்ளிகளில் எல்லோரும் அதை காமன் பூல் என்றுதான் சொல்வோம். புதிய பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் வராதவர்களும் ஊர் மாறிப் போனவர்களும் இதே வழியாகத்தான் பட்டியலை விட்டு வெளியே போகிறார்கள். மே, ஜூனில் பூல் நிரம்புவது இயல்பு. சேர்க்கை எல்லாம் முடிந்து ஆகஸ்ட் வந்த பிறகும் அங்கேயே கிடக்கும் பெயர்களைத்தான் பார்க்க வேண்டும். பழைய பள்ளியைக் கேட்டால், "நாங்க டி.சி. கொடுத்துட்டோம் மேடம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். புதிய பள்ளி எது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பள்ளியின் சதவீதத்திலும் அந்தப் பிள்ளை இல்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. வேலை தேடித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பலர் டி.சி. வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள். டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, தாமதிக்கவும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆகவே அங்குள்ள ஆசிரியர் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்கிறார், நல்லது. பழைய எமிஸ் எண்ணைத் தேடாமல் புது எண் போட்டுவிடுவதுதான் பிரச்சினை. ஒரே பிள்ளை இங்கே இடைநின்றவர், அங்கே புதிய சேர்க்கை.

எண் தானே, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே வகுப்புகளில் எங்கே படித்தார் என்றுதான் பார்க்கிறது. ஏழாம் வகுப்பில் ஓர் ஆண்டு வரலாறு விட்டுப்போயிருந்தால், பிளஸ் டூ முடித்த பிறகு பழைய பள்ளியில் வருகைப் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டும். கடலோரத்தில் அந்தப் பதிவேடு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஓடு பறந்த கட்டடங்களில் பள்ளிகளும் உண்டு.

டெல்டாவுக்கே உரிய கஷ்டம் பருவம். யூடைஸ் எனப்படும் தேசிய அளவிலான பள்ளிக் கணக்கெடுப்புக்கு வழக்கமாக செப்டம்பர் 30-தான் குறிப்பு நாள். நம் ஊரில் அந்த நேரத்தில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் விடியலிலேயே வயலுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கும். சம்பா அறுவடை முடிந்த மாசி வாக்கில், வயலில் கிடை போட, அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் அங்கே அடைத்து வைக்க, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். வாத்து மேய்ப்பவர்களும் அறுத்த வயல்களைத் தேடித்தான் வருவார்கள். உடன் வரும் பிள்ளைகள் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செப்டம்பர் 30 அன்று எடுத்த கணக்கில் மாசி மாதப் பிள்ளை எப்படித் தெரியும்? கோடையில் வீடு வீடாக எடுக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பிலும் 'வீடு' என்று ஒன்று இருந்தால்தான் கதவைத் தட்ட முடியும். கிடை போட்டிருக்கும் வயலுக்கும் நடந்து போகச் சொல்லி நான் ஆசிரியர் பயிற்றுநர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிலர் போகிறார்கள்.

சரி, பெயர் பட்டியலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சராசரி. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஓர் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் 1,000 பேர், ஒன்பதில் சேர்ந்தவர்கள் 960 பேர். 96 சதவீதம், பச்சை நிறம் விழும், கூட்டம் அடுத்த ஒன்றியத்துக்குப் போய்விடும். அந்த 1,000 பேரில் மூன்று நான்கு காலனித் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் 100 பேர், அவர்களில் சேர்ந்தவர்கள் 78 பேர் என்றால்? மற்ற 900 பேரில் 882 பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதாவது 98. ஒரே ஒன்றியத்துக்குள் 98-ம் 78-ம் இருக்கின்றன, திரையில் தெரிவது 96 மட்டும். சமத்துவ அறிக்கை என்று நாம் அனுப்புவது இந்தப் பிரிப்பைக் காட்டவில்லை என்றால் அதற்குச் செலவான காகிதம்கூட வீண். சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. உயர்நிலைப் பள்ளி ஆற்றுக்கு அக்கரையில், பேருந்து இல்லை, பிள்ளை பெண்பிள்ளை. இவை மூன்றும் ஒரே பிள்ளை மேல் சேர்ந்து விழுகின்றன, தனித்தனி அட்டவணையில் அது தெரியாது.

பிரிவுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. நம் மாநிலத்தில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று பதிகிறோம். தேசிய யூடைஸ் அட்டவணையில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என நான்குதான். மேலே போகப் போக பி.சி.யும் எம்.பி.சி.யும் ஒன்றாகிவிடும். எனவே மாவட்டத்துக்குள் முடிவெடுக்க மாநில அளவிலான பிரிப்பையே பயன்படுத்துங்கள்.

அதைவிட மோசமானது சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளை. நாகப்பட்டினம் பக்கம் பூம்பூம் மாட்டுக்காரர் என்று அழைக்கப்படும் ஆதியன் குடும்பங்கள் எஸ்.டி. சான்றிதழுக்காகப் பல காலமாக அலைகின்றன. சான்றிதழ் கையில் இல்லை, எமிஸில் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை என்று ஓ.சி. போட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரிலேயே ஏழ்மையான பிள்ளை ஒரே சொடுக்கில் பொதுப் பிரிவாகிவிடுகிறது. அப்புறம் பொதுப் பிரிவில் ஏன் இடைநிற்றல் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள்! உங்கள் பள்ளியில் அப்படி ஓ.சி. என்று பதிவான பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவின் நகலோடு கோப்பில் வையுங்கள்.

போக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நரிக்குறவரை எம்.பி.சி.யிலிருந்து பழங்குடிப் பட்டியலுக்கு மாற்றும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் குடியிருப்பை ஒட்டிய பள்ளிகளில் எஸ்.டி. எண்ணிக்கை திடீரென ஏறினால் அது புதிய சேர்க்கை ஆகாது. அதே போல 2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாகப்பட்டினத்தையும் பிந்தைய நாகப்பட்டினத்தையும் ஒரே கோட்டில் வரைந்தால், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளியை விட்டுப் போனதுபோலத் தெரியும். ஒன்றிய வாரியாகப் பழைய எண்களை மறுபடி கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

வருகையைச் சரிபார்க்க எங்களுக்குக் கிடைத்த நல்ல துணை, உணவுக் கணக்கு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. காலையில் சாப்பிட்டவர்கள், ஆசிரியர் பதிந்த வருகை, மதியச் சத்துணவு என மூன்று தனித்தனித் தலைக்கணக்குகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, எல்லோரும் சாப்பிடுவதில்லை. ஆனால் வருகை எப்போதும் நூறு, சாப்பாடு எப்போதும் அறுபது என்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். குற்றம் கண்டுபிடிக்கும் தோரணையில் மட்டும் போகாதீர்கள். எண்ணைக் காட்டித் திட்டினால் அடுத்த மாதம் எண் சரியாகிவிடும், வகுப்பு அப்படியேதான் இருக்கும்.

சிறிய எண்ணிக்கைகளும் இங்கே அதிகம். ஒரு தொடக்கப் பள்ளியில் எஸ்.டி. பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் போய்விட்டால் இடைநிற்றல் 33 சதவீதம். அதை வைத்துப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுவது அநியாயம். அதோடு, ஊரில் ஒரே ஓர் இருளர் வீடு இருக்கும்போது 'எஸ்.டி. மாணவர் 1, தேர்ச்சி இல்லை' என்று பலகையில் ஒட்டினால் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பொதுவெளிக்குப் போகும் அட்டவணையில் இப்படிப்பட்ட கட்டங்களை மறைத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளையோ பக்கத்துப் பள்ளிகளையோ சேர்த்துக் காட்டலாம்.

ஆதார் பற்றி ஒன்று. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆதாரில் உள்ள இனிஷியலோடு பொருந்தாமல் நிராகரிக்கப்பட்ட பெயரை, பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று நீக்காதீர்கள்.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது ஆகஸ்ட் மாத வேலை ஒன்றுதான். உங்கள் பள்ளியிலிருந்து காமன் பூலுக்குப் போய் இன்னும் யாரும் எடுக்காத பெயர்களை அச்செடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். உறுப்பினர்களில் பாதிப்பேர் அதே தெருக்காரர்கள், யார் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். காரணம் எழுதும் இடத்தில் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், "வேறு மாநிலம்" என்று போட்டு முடித்துவிடாதீர்கள். அச்செடுக்கும் தாளில் பெயர், வகுப்பு, தெரு இவை மட்டும் போதும். சாதி, ஆதார், கைபேசி எண் உள்ள பத்திகளை நீக்கிவிடுங்கள், முழு எக்செல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோருமே குழந்தைகள்தான்.