மருத்துவச்சி கையிலிருந்து மருத்துவமனைக்கு

"அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டிலேயே பிறக்கவில்லையா டாக்டர்?" கர்ப்பப் பரிசோதனைக்கு வருகிறவர்களோடு துணைக்கு வரும் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிறந்தார்கள், உண்மைதான். எத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மருத்துவமனையும் தொடக்கத்தில் பாதுகாப்பான இடமாக இல்லை. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-இல் மருத்துவர்கள் பிரிவில் 100-க்கு 11 தாய்மார் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. சவப் பரிசோதனை செய்த கையைச் சரியாகக் கழுவாமல் பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ். 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் சாவுகள் மளமளவென்று குறைந்தன. ஆனாலும் மூத்த மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. எங்கள் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி அது.

இங்கிலாந்தில் தாய்மார் இறப்பு விகிதம் 1930-களின் நடுப்பகுதி வரை பெரிதாகக் குறையவே இல்லை. கிருமித் தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்துகள், அப்புறம் பென்சிலின், ரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

குழந்தை பிறந்ததும் கருப்பை சரியாகச் சுருங்காவிட்டால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும் அளவு ரத்தம் போய்விடும். எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் இது வரலாம். அப்போது கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியும் ரத்தமும் அறுவை அரங்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் யாரும் இல்லாமல், வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்காதீர்கள். அதை மருத்துவச்சி முறை என்று சொல்வதும் தவறு. அவர்களுக்குப் பல பிரசவங்கள் பார்த்த கை இருந்தது.

அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்டது பொறுமை. வலி எடுத்த பெண்ணைத் தனியே மல்லாக்கப் படுக்க வைப்பதும், தேவையில்லாமல் பிறப்புறுப்பை வெட்டித் தைப்பதும் இன்றும் பல பிரசவ அறைகளில் நடக்கின்றன. விரும்பிய ஒருவர் கூட இருக்கட்டும், வசதியான நிலையைப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும், வழக்கமாக எல்லோருக்கும் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆகவே பதிவு செய்யும்போதே கேளுங்கள்: வலி நேரத்தில் என்னோடு யார் இருக்கலாம்? நள்ளிரவில் ரத்தமும் மயக்க மருந்து நிபுணரும் கிடைப்பார்களா? கேட்டாலே எரிந்துவிழும் இடம் என்றால், ஏழாம் மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு மாறுவது கடினம்.