பிராவிடன்ஸ்னா விதி இல்லைங்க

டாலர் நோட்டு பத்தி தமிழ்ல பேசுற வீடியோ எதைத் திறந்தாலும் ஒரு இடத்துல "விதியின் கண்"னு வந்துடுது, போன வாரம் நாலாவது தடவையா காதுல விழுந்துச்சு, அதுக்கு மேல பொறுக்க முடியல. ஒரு டாலர் நோட்டோட பின்பக்கம் பிரமிடுக்கு மேல முக்கோணத்துக்குள்ள ஒரு கண் இருக்கும்ல, 1782ல அமெரிக்க அரசு முத்திரைக்குன்னு ஏத்துக்கிட்ட படம், 1935லேருந்து நோட்டுலயும் அச்சாகுது. அதோட பேரு 'ஐ ஆஃப் பிராவிடன்ஸ்'. அதைத்தான் விதியின் கண்ணுங்கிறாங்க. விதிக்கு ஏதுங்க கண்ணு? நம்ம வீட்ல ஒரு துக்கம்னா "கடவுளே உனக்குக் கண்ணில்லையா"ன்னுதான் அழுவோம், விதியைப் பார்த்து யாரும் அப்படிக் கேக்கறதில்ல, ஏன்னா அது பார்க்கும்னு யாருமே எதிர்பார்க்கல.

வேர் ரொம்ப சிம்பிள். லத்தீன்ல 'ப்ரோ'ன்னா முன்னாடி, 'விதேரே'ன்னா பார்க்கிறது, வீடியோங்கிற சொல்லும் அதுலேருந்து வந்ததுதான். ரெண்டும் சேர்ந்து 'ப்ரோவிதென்தியா', அதாவது முன்கூட்டியே பார்த்து வேண்டியதைச் செஞ்சு வைக்கிறது. விவேகம்னு நாம சொல்ற 'ப்ரூடன்ஸ்' இதே சொல் தேஞ்சு சுருங்கினது. பழைய ரோமாபுரி அறிஞர் சிசரோ விவேகத்தை மூணா பிரிப்பார், நடந்ததை நினைவுல வைக்கிறது, நடக்குறதைப் புரிஞ்சுக்கிறது, வரப்போறதை முன்னாடியே பார்க்கிறது, அந்த மூணாவதுக்கு அவர் வச்ச பேருதான் ப்ரோவிதென்தியா. மனுஷன் செஞ்சா முன்யோசனை, கடவுள் செஞ்சா பராமரிப்பு, அவ்ளோதான்.

இப்ப விதிக்கு வருவோம். விதிங்கிறது விதிக்கப்பட்டது, கட்டளை. நம்ம ஊழும் அப்படித்தான், "ஊழிற் பெருவலி யாவுள"ன்னு வள்ளுவர் அதோட பலத்தைத்தான் சொல்றாரு, அது நம்மமேல அக்கறையா இருக்குன்னு எங்கயும் சொல்லல. வினைக்குத் தக்க பலன் வரும், அதுல பாசம் கிடையாது. பிராவிடன்ஸ்ல பாசம்தான் பாதி. இன்னும் சில பேர் "அதிர்ஷ்டவசமாக"ன்னு போட்டு முடிச்சுடறாங்க, இதுதான் எனக்குத் தாங்கவே முடியாதது, ஏன்னா அதிர்ஷ்டம்ங்கிறது சமஸ்கிருத 'அத்ருஷ்டம்', கண்ணுக்குத் தெரியாததுன்னு அர்த்தம். அங்க முன்னாடியே பார்த்ததுங்கிறான், நீங்க பார்க்கப்படாததுன்னு எழுதறீங்க, நேர் எதிர்ச்சொல்லை மொழிபெயர்ப்புன்னு வைக்கிறது எப்படிங்க சரி? "தெய்வாதீனமாக உயிர் தப்பினார்"னு பேப்பர்ல வர்றதாவது பரவாயில்ல, தெய்வத்தோட பொறுப்புலன்னு ஒரு அர்த்தம் இருக்கு, முன்னாடியே பார்த்து வச்சதுங்கிற பகுதி மட்டும் விட்டுப்போகுது.

சொல் தப்பானா கதையே தப்பாகும். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல பிராவிடன்ஸ்னு ஒரு ஊரு, 1636ல ராஜர் வில்லியம்ஸ் உண்டாக்கினது. மாசசூசெட்ஸ்ல அவரோட கருத்துக்காக நாடு கடத்தினாங்க, போக்கிடம் இல்லாம வந்தவருக்கு இடம் கிடைச்சது, அந்த நெருக்கடியில கடவுள் தன்னைக் கைவிடலன்னு நன்றியா வச்ச பேரு அது. அதைப் போய் "விதி நகரம்"னு எழுதினா அந்த மனுஷனோட நன்றி எங்க போச்சு? 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தோட கடைசி வாக்கியத்துலயும் இதே சொல் வருது, பிராவிடன்ஸோட பாதுகாப்பை நம்பி உயிரையும் உடைமையையும் மானத்தையும் பணயம் வைக்கிறோம்னு. விதியை நம்பியா ஒருத்தன் அரசனை எதிர்ப்பான்?

சரி, தமிழ்ல என்ன சொல்றது. கத்தோலிக்கர்கள் ரொம்ப நாளா 'இறைப்பராமரிப்பு'ன்னு சொல்றாங்க, சரியான சொல்தான். பராமரிப்புன்னா இன்னைக்கு கரண்ட் கட் அறிவிப்புதான் ஞாபகம் வருதுன்னு சொல்றவங்க உண்டு, ஆனா முன்னாடி இறைங்கிற சொல் இருக்கறப்ப அந்தக் குழப்பம் யாருக்கும் வராது. தனித்தமிழ்ல முன்னறிவுன்னு சிலர் சொல்றது எனக்கு ஒத்துக்கல, முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டு சும்மா இருந்தாலும் அது முன்னறிவுதானே.

உண்மையில இதுக்கு நம்மகிட்ட அழகான வினைச்சொல் ஒண்ணு இருக்கு. பார்த்துக்கொள். "கொழந்தைய பாத்துக்க"ன்னா வெறுமனே பாருன்னு இல்ல, காப்பாத்து, சோறூட்டு, விழாம பிடின்னு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. லத்தீன்காரன் பார்க்கிறதுல அக்கறையை ஏத்துன மாதிரியே நம்ம மொழியும் ஏத்தியிருக்கு. பழைய பைபிள் மொழிபெயர்ப்புல, பலிக்கு ஆடு எங்கன்னு கேட்ட மகன்கிட்ட ஆபிரகாம் கடவுளைப் பத்திச் சொல்றது "ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்", அந்த இடத்துக்கு வச்ச பேரை விளக்கறப்ப "பார்த்துக்கொள்ளப்படும்". எபிரேய மூலத்துலயும் அங்க இருக்கறது பார்க்கிறதுங்கிற வினைதான். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கையில ஆயிரம் அகராதி இருந்திருக்காது, ஆனா தெருவுல ஜனங்க பேசுறதை காது குடுத்துக் கேட்டிருக்காங்க. இப்ப எழுதறவங்க அகராதியில முதல்ல வர்ற சொல்லை எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க.

மனுஷனோட பக்கத்துக்கு 'முன்மதி' இருக்கு, புது கத்தோலிக்க பைபிள்ல, இயேசு சொன்ன கதையில விளக்கோட எண்ணெயும் எடுத்துட்டுப் போன அஞ்சு பொண்ணுங்களுக்கு இந்தச் சொல்தான். "எதிரதாக் காக்கும் அறிவினார்"னு வள்ளுவரும் இதையேதான் சொல்றாரு, வர்றதை முன்னாடியே பார்த்துக் காக்கிற அறிவு. இதை வெறும் 'எச்சரிக்கை'ன்னு சுருக்கிடாதீங்க, பயந்துக்கிட்டு ஒண்ணும் செய்யாதவன்கூட எச்சரிக்கையாத்தான் இருக்கான். மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிற பிஎஃப்புல இருக்கிற 'பிராவிடன்ட்'டும் இந்தக் குடும்பம்தான், அதை 'வருங்கால வைப்பு நிதி'ன்னு ஆக்கினவங்க எவ்ளோ யோசிச்சிருக்காங்க பாருங்க, இலங்கையில 'சேமலாப நிதி'ம்பாங்க, அங்க அந்த வருங்காலம் விட்டுப்போச்சுங்கிறதால நான் நம்ம சொல் பக்கம்தான்.

அந்த டாலர் நோட்டுக் கண்ணை 'இறைப்பராமரிப்பின் கண்'னு சொல்லுங்க, வாய்க்கு நீளமா இருந்தா 'காக்கும் கண்'னு சொல்லுங்க, படத்தைப் பார்க்கிற எவனுக்கும் புரியும்.