ஒற்றைக் குதிரைதானே என்று கடிகாரத்தை விட்டுவிடாதீர்கள்

சிறுவர் செஸ் போட்டிகளில் நடுவராக இருக்கும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், அவன்கிட்ட ஒத்தக் குதிரைதான் இருக்கு, டிரா தானே?"

சமீபத்தில் கேட்ட பையனிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் மிச்சம். எதிரே ராஜாவும் குதிரையும். சிப்பாயை ராணியாக்கும் மும்முரத்தில் கடிகாரத்தை மறந்துவிட்டான். நேரம் முடிந்தது, தோல்வி என்று எழுதினேன். அவன் அப்பா விடவில்லை. "ஒரு குதிரையால எப்படி சார் மேட் ஆகும்?"

காலிப் பலகையில் நாலே காய் வைத்தேன். கறுப்பு ராஜா மூலைக் கட்டமான ஏ1, அதன் சிப்பாய் ஏ2, வெள்ளை ராஜா சி1. குதிரையை பி3-இல் வைத்ததும் மேட், அதாவது செக்கிலிருந்து ராஜா தப்ப வழியே இல்லை. ராஜா ஓட வேண்டிய கட்டத்தை அதன் சிப்பாயே அடைத்துக்கொண்டு நிற்கிறது. யார் இப்படிப் போய் மாட்டுவார்கள் என்பது வேறு விஷயம். நேரம் முடிந்தால், விதிப்படி எந்த வழியிலாவது எதிராளியால் மேட் செய்ய வாய்ப்பு உண்டா என்று மட்டுமே பார்க்கச் சொல்கிறது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே. இருந்தால் தோல்விதான். சில இணையதளங்களில் கணக்கு வேறு. குழந்தைகள் அங்கே பழகிவிட்டு இங்கே வந்து அழுகிறார்கள்.

தனி ராஜாவுக்கு எதிரே ஒரே குதிரையோ ஒரே பிஷப்போ (மந்திரி) என்றால் ஆட்டம் அங்கேயே டிரா. இரண்டு குதிரை இருந்தால் மேட் நிலை உண்டு, ஆனால் எதிராளி தப்பு செய்யாமல் வராது. இரண்டு பிஷப் சுலபம், அதிகபட்சம் 19 நகர்த்தல்.

பிஷப்பும் குதிரையும்தான் தலைவலி. சரியாக ஆடினால் 33-க்குள் முடியும், ஆனால் பிஷப்பின் நிறத்தில் உள்ள மூலைக்கு ராஜாவைத் தள்ளியாக வேண்டும். 2013-இல் ஜெனீவா மகளிர் கிராண்ட் பிரீ போட்டியில், அப்போதைய உலக மகளிர் சாம்பியன் அன்னா உஷெனினாவே ஓல்கா கிர்யாவை மேட் செய்ய முடியாமல் டிராவில் முடித்தார்.

மாணவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில். வெள்ளைக் கட்டப் பிஷப் எச்7-இல், குதிரை இ5-இல், நம் ராஜா இ6-இல். கறுப்பு ராஜா சி7-க்கு நழுவுகிறது. 'போச்சு, தப்பிச்சிட்டான்' என்று பதறி செக் கொடுக்கத் தொடங்குவார்கள். வேண்டாம். குதிரையை நிதானமாக டி7-க்கு வையுங்கள். கறுப்பு ராஜா பி7-க்குப் போனால் பிஷப்பை டி3-க்கு வையுங்கள். இப்போது அந்த ராஜா சி6-க்கு வந்தாலும் அதற்கு மேல் வழி இல்லை.

தனி ராஜாவோடு தவிப்பவர்களுக்கும் ஒன்று. சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்க வேண்டியது நீங்கள்தான். 75 ஆகும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. கேட்கும்போது, நகர்த்தல்களை எழுதிவரும் ஸ்கோர்ஷீட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். பாதிப் பிள்ளைகள் அதை எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.