முதல் பாகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு நாவல் பிரதிகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் தொழில். தொடர் நாவல் எழுதுகிறவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் முதல் பாகம் அச்சாகி, வெளியீட்டு விழாவும் முடிந்திருக்கும். கையில் இரண்டாம் பாகம் இருக்கும். அதில் நான் காணும் சிக்கல்களில் பாதிக்கு மேல் முதல் பாகத்தில் பிறந்தவை. தனி நாவலைக் கடைசி நிமிடம்வரை திருத்தலாம். தொடரில் அச்சேறிய வரியைப் பிறகு தொட முடியாது.

ஆகவே இரண்டாம் பாகத்தின் வரைவைக் கரடுமுரடாகவாவது எழுதி முடிக்கும்வரை முதல் பாகத்தை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். நம்மில் பலர் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் மலையகத் தோட்டக் கதைகளில் முதலில் உதைப்பது வயது. 1860களில், தேயிலைக்கு முன் மலையில் கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்தில், பத்து வயதுச் சிறுமியாக மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவள் என்று முதல் பாகத்தில் ஒரு பாட்டியை எழுதிவிடுகிறார்கள். மூன்றாம் பாகத்தில் அதே பாட்டி பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கிறாள். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் யார் இந்தியா போவது, யார் இலங்கையில் இருப்பது என்று இரண்டு அரசுகளும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கையெழுத்தானது. அதை அமுலாக்கும் சட்டம் வந்தது 1967இல். பாட்டிக்கு அப்போது நூறு வயது எப்போதோ தாண்டியிருக்கும்! நடுவில் ஒரு தலைமுறையைக் காணோம்.

அந்த ஒப்பந்தப்படி இந்தியா போகிறவர்களைத் தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து இறக்குவதும் அடிக்கடி பார்க்கும் பிழை. 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு போனவர்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். ரயிலும் அப்படியே: நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. கோப்பிக் காலத்து மாப்பிள்ளை பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கினால், அதை நம்பி அடுத்த பாகத்தில் கட்டிய கல்யாணமும் சேர்ந்து ஆடும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த நோட்டுப் புத்தகம்) போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: பிறந்த வருடம், எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு), இறந்த வருடம், 1964க்குப் பிறகு இந்தியாவா இலங்கையா. கடைசிக் கேள்வியை முதல் பாகம் எழுதும்போதே முடிவுசெய்யுங்கள். 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டதில் அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாக எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. அந்தப் பிரிவு மூன்றாம் பாகத்தில் வாசகருக்கு வலிக்க வேண்டுமானால், முதல் பாகத்தில் அந்த இருவரும் ஒரே காம்பராவில் (தோட்டக் குடியிருப்பு அறையில்) சண்டை பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம், எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரியவருகிறது என்பதையும் கொப்பியில் குறியுங்கள். கங்காணி வீட்டுக் கடன் விவகாரம் தெரிந்த ஒருத்தி அடுத்த பாகத்தில் அதைக் கேட்டு அதிர்ச்சியடைந்தால் கதையே சரிந்துவிடும். அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அப்படி வரும் பிரதிகள் அநேகமாக உயிரில்லாமல் இருக்கின்றன. பிறப்பு, சாவு, ரகசியம், கடைசி நிலை, இவ்வளவு நிலையாக இருந்தால் சரி.

இரண்டாம் பாகத்தைத் திருத்தும்போது நான் முதலில் வெட்டுவது ஆரம்பத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தை. முதல் பாகம் வாசித்தவருக்கு அது சலிப்பு, வாசிக்காதவருக்குத் தலை கால் புரியாது. காலையில் பேர் எடுத்து வேலை பிரிக்கும் ஒரு பெரட்டுக் களக் காட்சியில் யார் யாரோடு பேசாமல் நிற்கிறார்கள் என்று காட்டினாலே பழைய பகை விளங்கிவிடும்.

ஏற்கெனவே அச்சில் பிழை போய்விட்டதா? அதை எந்தக் குரல் சொன்னது என்று பாருங்கள். ஒரு பாத்திரம் சொல்லியிருந்தால் அடுத்த பாகத்தில் இன்னொருவர் மறுத்துப் பேசலாம். கிழவிகள் வருடத்தை மாற்றிச் சொல்வது உலக வழக்கம்தானே. கதைசொல்லியே சொல்லியிருந்தால் மறுபதிப்பில் திருத்துவது தவிர வேறு வழியில்லை.