ஏன் பழகுவதில்லை?

வாசகர் ஒருவர் தம் நான்கு வயது மகனைப் பற்றி எழுதியிருந்தார். ஆட்டிசம் உள்ள அந்தக் குழந்தை வீட்டில் மணிக்கணக்கில் அமைதியாக விளையாடுகிறான். வெளியே அழைத்துச் சென்றாலோ கால் மணி நேரத்துக்குள் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுகிறான். 'போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள், ஏன் பழகவே இல்லை?' என்பது அவருடைய கேள்வி.

1943ஆம் ஆண்டு லியோ கானர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையிலேயே, தூசி உறிஞ்சும் கருவிக்கும் மின்தூக்கிக்கும் அஞ்சிய குழந்தைகளைப் பற்றிய குறிப்பு உண்டு. இருந்தும், புலன்களின் இந்த மிகையுணர்வு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழகிப்போதல் என்பது மூளை செய்யும் ஒரு வேலை. குளிர்பதனப் பெட்டியின் முனகல் நாள் முழுவதும் நம் காதில் விழுந்துகொண்டே இருந்தாலும் நாம் அதைக் கவனிப்பதில்லை. அது சட்டென்று நிற்கும் நொடியில்தான் 'ஏதோ நின்றுவிட்டதே' என்று தலை நிமிர்கிறோம். காது கேட்பதையே விட்டிருந்தால், நின்றது எப்படித் தெரிந்திருக்கும்? சோவியத் அறிவியலாளர் யெவ்கேனி சோகொலோவ் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு இன்றும் வியப்பளிப்பது. திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மூளை தனக்குள் ஒரு மாதிரியை வரைந்துகொள்கிறது. வருவது அதனோடு பொருந்தினால் பேசாமல் கடந்துவிடுகிறது, பொருந்தாவிட்டால் மட்டும் உடல் முழுவதையும் உசுப்புகிறது. நாம் அமைதி என்று எண்ணுவதில் பெரும்பகுதி, மூளை இப்படி ஓயாமல் கழித்துத் தள்ளிய மிச்சம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எரிச்சலூட்டும் ஒலியையும் சொரசொரப்பான துணியின் உரசலையும் சிறார்களுக்குத் திரும்பத் திரும்பத் தந்து மூளையைப் படம்பிடித்தார்கள். ஆட்டிசத்தோடு புலன் மிகையுணர்வும் கொண்ட சிறார்களுக்கு, அச்சத்தை உணர்த்தும் அமிக்டலா பகுதியின் கிளர்ச்சி மற்றவர்களுக்குத் தணிந்ததைப் போலத் தணியவில்லை. அடுத்து வருவதை ஊகிக்கும் திறனில் உள்ள வேறுபாடே ஆட்டிசத்தின் அடிப்படையாக இருக்கலாம் என்று பவன் சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் முன்வைத்தது இன்னும் கருதுகோள்தான். ஆனாலும் வெளியிடங்களில் நாம் காண்பதோடு அது நன்றாகப் பொருந்துகிறது.

பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர் கை நீட்டும்போது முன்னறிவிப்பின்றி அது உறுமுகிறது; ஓடுகள் பதித்த சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. கனடாவில் குழந்தைகளின் காது உயரத்தில் அளந்தபோது சில இயந்திரங்கள் 100 டெசிபெலைத் தாண்டியதாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. நான்காவது முறை உறுமும்போது நமக்கு அது பழைய செய்தி. அந்தக் குழந்தைக்கோ நான்காவதும் முதல் முறை வந்த அதே அதிர்ச்சி. கூட்டம், விளக்கொளி, வாசனை என எல்லாம் இப்படியே தணியாமல் குவிந்து, ஒரு கட்டத்தில் உடல் தாங்காமல் நிலைகுலைகிறது. கேட்டது கிடைத்தால் பிடிவாதம் அடங்கும். இந்த நிலைகுலைவு எதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது, அதட்டலோ மேலும் ஓர் ஒலியாகச் சேரும். எல்லாக் குழந்தைகளும் இப்படியல்லர். புலன் தூண்டலைத் தேடி ஓடும் குழந்தைகளும் உண்டு.

தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பொய்யை அறிவியல் கைவிட்ட பிறகும், அலறும் குழந்தையைச் சுற்றி நின்று வளர்ப்பைக் குறை சொல்வோர் அதைக் கைவிடவில்லை என்பது என்னைக் கோபப்படுத்துகிறது. மரபணுத் தேடலுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது, ஒரு குடும்பம் நிம்மதியாக வெளியே போய்வர உதவும் ஆய்வுகளுக்கு வர வேண்டும் என்பதும் என் கருத்து.

மூளை தானாக வரைய முடியாத மாதிரியை நாம் முன்கூட்டியே வரைந்து கொடுக்கலாம். கிளம்புமுன் பேருந்து, கடை, கழிப்பறை என்று போகும் வரிசையில் படங்களைக் காட்டலாம். ஒலி தடுக்கும் காதுக்கவசமும் கூட்டமில்லாத நேரமும் சுமையைக் குறைக்கும். படவரிசையின் கடைசியில் வீட்டு வாசலின் படம் கட்டாயம் இருக்கட்டும். முகம் இறுகத் தொடங்கும்போதே, மற்ற படங்கள் மீதமிருந்தாலும், குழந்தை விரல் வைக்கக்கூடிய படம் அது. அப்போது கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.